ஆயுத பூஜைக்கு நான் துடைத்த கம்ப்யூட்டர்

வேலையே தெரியாதவரால் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. அவர் பயந்துகொண்டு எதையும் தொடமாட்டார். ஆபத்தெல்லாம் பாதி வேலை தெரிந்து, அதோடு சுத்தமும் பார்ப்பவரால்தான். நான் அந்த ரகம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் போகி அன்று என் கையில் துடைப்பம் தரமாட்டார்கள். "நீ அப்டிக்கா போய் உக்காரு" என்று ஒரு நாற்காலியைப் போட்டு, காபியும் கொடுத்துவிடுவார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் பொறாமைப்படும் இந்தச் சலுகையை நான் சும்மா வாங்கவில்லை.

அப்போது வல்லம் வடகாலில், கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் ஒரு கம்பெனியில் ஐ.டி. பிரிவில் சேர்ந்திருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு முன்னால் இருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிச்சம் நானும், சர்வர் அறையில் ஒரு ஏசியும். (ஏசி என்னைவிட சீனியர்.)

வேலை வாங்கிக் கொடுத்தது மாமா. அக்காவின் கணவர், பெயர் தனசேகர், அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். பெட்டிகளை எண்ணி, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றி, ஒரகடத்துக் கார் கம்பெனிக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பிளான்ட் மேனேஜர் வரதராஜன் சாரிடம், "என் மச்சினிச்சி சார், நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் என்னை உள்ளே சேர்த்தார்.

மாமாவுக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, லைன் ஸ்டாப். எங்கள் கைப்பிடி நேரத்துக்குப் போகாமல் ஒரகடத்தில் கார் தயாராகும் லைன் நின்றால் அதற்குப் பெயர் லைன் ஸ்டாப். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அந்த வார்த்தையைச் சத்தமாகக்கூடச் சொல்லமாட்டார்கள். மாமாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு லைன் ஸ்டாப்பில் வீட்டுக்குப் போனவர்.

இன்னொன்று, தாலுகா ஆபீஸ். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவின் பெயரைத் தன் வீட்டு ரேஷன் கார்டில் சேர்க்க மாமா போனார். "இந்தப் பேர் வேற கார்டுல இருக்கு, சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் அம்மா தன் கார்டிலிருந்து அக்கா பெயரை எடுக்கவே இல்லை. கேட்டால், "இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா பாரம்" என்பாள். அக்கா சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் மாமா வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க, அவள் பெயர் மட்டும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. மாமா அலைந்து செருப்பு தேய்ந்த கதையை எல்லா விசேஷத்திலும் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். பூஜை அன்று லீவு என்பதால் கம்பெனிகளில் முதல் நாளே படைத்துவிடுவார்கள். எச்.ஆர். பிரிவு விஜயலட்சுமி மேடம் (திருநெல்வேலிக்காரர், சிரித்துக்கொண்டே வேலை வாங்கிவிடுவார்) ஒரு உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தன் மெஷினைத் தானே சுத்தம் செய்து, மதியப் பூஜைக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊரே துடைத்துக்கொண்டிருந்தது. மோல்டிங் ஆட்கள் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்டை ஒருவர் தலைக்குப் போடும் ஷாம்பூவில் குளிப்பாட்டுகிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்வரை வெளியே துடைத்தேன். நாலு இழுப்பில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என் பக்தி என்று மனசு ஒப்பவில்லை. உள்ளேயும் துடைத்தால் என்ன என்று தோன்றியது.

உள்ளே என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் லேபிள் அடிக்கும் மென்பொருள் ஆதிகாலத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்த விண்டோஸ் இருந்த கம்ப்யூட்டர் உடம்பால் எப்போதோ செத்துப்போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் அதன் உயிரை மட்டும் எடுத்து, பெரிய சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாகக் குடிவைத்திருந்தார். பெரிய வீட்டுக்குள் வாடகைக்கு விட்ட ஒரு போர்ஷன் மாதிரி. அதற்கு நெட்வொர்க் கார்டு உண்டு, சிடி டிரைவ் உண்டு, ஆனால் எதையும் கையால் தொட முடியாது. லைனில் இருக்கும் பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் நெட்வொர்க்கில் அதன் ஒரே ஒரு முகவரியைத்தான் தேடிவரும். அந்த முகவரியை மாற்றவே முடியாது. மாற்றத் தெரிந்த ஆள் புனேயில், அவரும் லீவில்.

போர்ஷனுக்குள் புகுந்தேன். மென்பொருள் பட்டியலில் ஏதோ 'டூல்ஸ்' என்று ஒன்று இருந்தது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாததெல்லாம் குப்பை என்ற தெளிவோடு நீக்கினேன். நெட்வொர்க் கார்டு பழைய மாடலாக இருந்தது. பண்டிகையும் அதுவுமாக எதற்குப் பழசு என்று அதைக் கழற்றிவிட்டுப் புது மாடல் ஒன்றைப் போட்டேன். இதெல்லாம் செய்வதற்கு முன் மெஷினை அப்படியே ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். வீட்டைப் பெருக்குவதற்கு முன்னால் யாராவது வீட்டை நகல் எடுப்பார்களா? ரீஸ்டார்ட் கொடுத்தேன். சர்வர் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

போன் அடித்தது. மாமா.

"மகேசு, லேபிள் வர்ல. பிரிண்டரு சும்மா முழிச்சிகினு கீது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா." (எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் இதுதான் முதல் மருந்து.)

"பண்ட்டேன்."

"அப்ப உங்க பக்கம்தான் கேபிள் லூசா இருக்கும்."

"அதையும் பாத்துட்டேன். காத்தால முதல் லோடுக்கு நல்லாதான் வந்துகினு இருந்திச்சு. நீ இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. சுத்தம்தான் பண்ணேன்."

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகேசு, இந்த லோடு ரெண்டாவது ஷிஃப்ட்டுக்குள்ள உள்ள போயாவணும். அவுங்க கையில சரக்கு இல்ல" என்றார்.

திரையைத் திரும்பிப் பார்த்தேன். நெட்வொர்க் இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. உள்ளே போய்ப் பார்த்தால் நான் ஆசையாகப் போட்ட புதுக் கார்டின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. டிரைவர் இல்லை என்று அர்த்தம். ஒரு கார்டு எப்படிப் பேசும், எப்படிக் கேட்கும் என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாமல் விண்டோஸ் அந்தக் கார்டை, கல்யாணத்துக்கு வந்த யாரோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, பழைய கார்டையே திரும்பப் போடலாம் என்று போட்டேன். அதன் மேலும் மஞ்சள் குறி. அதன் டிரைவர் இருந்தது நான் குப்பை என்று நீக்கிய அந்த 'டூல்ஸ்' பொட்டலத்துக்குள். புதுக் கார்டின் டிரைவரும் அதற்குள்தான். டிரைவரை இன்டர்நெட்டிலிருந்து இறக்கலாம். இறக்க நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்கு டிரைவர் வேண்டும்.

பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்று ஓடினேன். சர்வரில் பென் டிரைவ் செருகும் துளைகள் எல்லாவற்றிலும் சீல் ஒட்டியிருந்தது. 'இதைப் பிரிப்பவர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே கையெழுத்து என்னுடையதுதான். போன மாத ஆடிட்டுக்கு நானே ஒட்டியது. பிரித்தேன். (நடவடிக்கையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.) செருகினேன். பெரிய சர்வர், இங்கே பென் டிரைவுக்கு அனுமதி இல்லை என்றது. அதற்கும் தடை போட்டது நான்தான். எடுக்க வேண்டுமென்றால் சர்வரையே நிறுத்த வேண்டும்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மாமா வந்தார். பின்னாலேயே வரதராஜன் சார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தேவலை என்று தோன்றும்படி மெதுவாகப் பேசுவார்.

"கையால எழுதி ஒட்டினா?"

"அவுங்க கேட்டுல ஸ்கேன் ஆகாது சார். வண்டியத் திருப்பிடுவாங்க" என்றார் மாமா.

"யார் இதைத் தொட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "நான் பொறுப்பு சார்."

அந்த நிமிஷம் எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "நான்தான் சார், க்ளீன் பண்றேன்னு எடுத்துட்டேன்" என்றேன். சார் என்னைப் பார்க்கவே இல்லை. சர்வர் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "லைன் நின்னா கேள்வி உங்ககிட்டதான் வரும், தனசேகர்" என்று சொல்லிவிட்டு அங்கேயே கைகட்டி நின்றுகொண்டார்.

ஜன்னல் வழியே லாரி தெரிந்தது. அதற்கு முன்கூட்டியே பூஜை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, புறப்படச் சொன்னால் புறப்படும் கோலத்தில் நின்றது. ஏறவேண்டிய பெட்டிகள் லேபிள் இல்லாமல் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிடி டிரைவ் ஞாபகம் வந்தது. விர்ச்சுவல் மெஷினுக்கு சிடி டிரைவ் உண்டே. டிரைவரை ஒரு சிடி நகலாகச் சர்வருக்குள் ஏற்றி, போர்ஷனுக்குள் சிடி போட்டதாக நம்பவைக்கலாம். அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. சர்வரிலேயே 'டூல்ஸ்' சிடி ஒன்று இருந்தது. அவசர அவசரமாகப் போட்டேன். இவ்வளவு பழைய விண்டோஸில் நான் ஓடமாட்டேன் என்று அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பழைய பதிப்பு வேண்டும். என் மேஜைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து இறக்கக் கொடுத்தேன். பச்சைக் கோடு நகரவே இல்லை.

ஏன் என்று பார்த்தால், மொத்தக் கம்பெனியும் வைஃபையில் பூஜை வீடியோவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வைஃபையை அணைத்தேன். அடுத்த நொடி காரிடாரில் ஒரே கூச்சல். "ஐ.டி.ல யாருப்பா அது? நெட்டப் புடுங்கிட்டாங்க" என்று ஒருவர் கதவைத் தட்டினார். மாமா கதவைத் திறந்து, உள்ளே சார் நிற்பதை மட்டும் காட்டிவிட்டு மூடினார். கூச்சல் அடங்கியது. பச்சைக் கோடு நகர்ந்தது.

சிடியை உள்ளே போட்டேன். நிறுவினேன். ரீஸ்டார்ட். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பழைய விண்டோஸ் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் எழுந்தது. மஞ்சள் குறியைக் காணோம்.

"வந்துடுச்சு" என்றேன்.

அதைக் கேட்டதுதான் தாமதம், கதவு திறந்தது. விஜயலட்சுமி மேடம், கையில் கற்பூரம் எரியும் தட்டோடு. "ராகு காலம் வந்துரும் மகேஸ்வரி. இந்த ரூமுக்கு மட்டும் இன்னும் காட்டல, தள்ளிக்கோ" என்றார்.

கற்பூரம் காட்டிவிட்டால் அவ்வளவுதான். படைத்த மெஷினில் அன்றைக்கு மறுபடி கை வைக்கக்கூடாது. லாரி, டெஸ்பாட்ச் நீங்கலாக, எங்கள் கம்பெனியில் மேனேஜரே மீறாத விதி அது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சர்வரை மறைத்து நின்றேன். "மேடம், ப்ளீஸ், காட்டிடாதீங்க. இன்னும் முகவரி போடல." மேடம் தட்டோடு அப்படியே நின்றார். "கற்பூரம் அணையக்கூடாதுல்லா. சீக்கிரம் செய்யி, நான் இன்னொண்ணு போட்டுக்கிடுதேன்" என்றார்.

முகவரியைத் தட்டினேன். சரி கொடுத்தேன். ஒரு பெட்டி முளைத்தது. நான் கொடுத்த முகவரி ஏற்கெனவே இன்னொரு அடாப்டருக்கு (நெட்வொர்க் கார்டுக்குத்தான் அந்தப் பெயர்) ஒதுக்கப்பட்டிருக்கிறதாம். அந்த அடாப்டர் இப்போது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லையாம்.

பட்டியலில் ஒரே ஒரு கார்டுதான் இருக்கிறது. இல்லாத கார்டு எப்படி முகவரியைப் பிடித்துவைத்திருக்கும்? மறுபடி தட்டினேன். மறுபடி அதே பதில்.

"இன்னா சொல்லுது?" என்றார் மாமா.

"இந்த அட்ரஸ் வேற ஒருத்தர் பேர்ல இருக்குதாம் மாமா. அவங்க இங்க இல்லவும் இல்லையாம். அதனால இதைச் சேர்க்க முடியாதாம்."

சொல்லி முடிக்கும்போதே இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உறைத்தது. எங்கேயோ என்ன எங்கேயோ, எல்லா விசேஷத்திலும் கேட்டதுதான். ஆள் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், பெயர் பழைய கார்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் திரும்பப் போட்டது அதே மாடல் என்றாலும் விண்டோஸுக்கு அது வேறு கார்டு. முதலில் கழற்றிய பழைய அடாப்டரின் பெயரை அது தன் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் அம்மா மாதிரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறது.

"அக்கா பேரை எடுக்கணும்" என்றேன்.

"இன்னாது?" என்றார் மாமா. சார் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

விளக்க நேரமில்லை. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லும் கட்டளையைத் தேடிப் பிடித்துத் தட்டினேன். மங்கலாக, சாம்பல் நிறத்தில், அந்தப் பழைய அடாப்டர் பட்டியலில் எழுந்து வந்தது. இவ்வளவு நேரம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நீக்கினேன். முகவரியைப் போட்டேன். சரி கொடுத்தேன். இந்த முறை எந்தப் பெட்டியும் வரவில்லை.

மாமாவின் போனில் டெஸ்பாட்ச்சிலிருந்து ஒருவர், "அண்ணே, லேபிள் வருதுண்ணே" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளுவது எனக்கே கேட்டது. மாமா வெளியே ஓடினார். சாரும் பின்னாலேயே வேகமாக நடந்தார். மேடம் கற்பூரத்தைக் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

லேபிள் ஒட்ட அக்கவுன்ட்ஸ், கேன்டீன் எல்லாரும் கை கொடுத்தார்கள். லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால் பூசணிக்காயை உடைத்தவர், எந்தப் பூசணியையும் அவ்வளவு ஆத்திரத்தோடு உடைத்திருக்கமாட்டார். ஒரகடத்தில் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது, லைன் நிற்கவில்லை என்று போன் வரும்வரை யாரும் பொரியைக்கூடத் தொடவில்லை. வரதராஜன் சார் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த வருஷம் உங்க ரூம் அழுக்காவே இருக்கட்டும்." சர்வர் அறைக் கதவில் அப்படியே ஒரு போர்டும் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரகடம் கூட்ரோடு வரை திட்டுக்குக் காத்திருந்தேன். திடீரென்று, "அது இன்னா, அக்கா பேரை எடுக்கணும்னியே" என்றார். சொன்னேன். மாமா முதலில் முறைத்தார். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு தாலுகா ஆபீஸ் கதையை முதலிலிருந்து மொத்தப் பஸ்ஸுக்கும் சொன்னார். அன்றைக்கு மட்டும் அது எனக்குப் புளிக்கவில்லை.

பின்னால் எனக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் மாமா, "உன் போன்ல ஒரு ஓடிபி வரும், சொல்லு" என்றார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள் நான். மாமாதானே என்று சொல்லிவிட்டேன். பெண்ணை அனுப்புகிற நேரம், அம்மா அழுதுகொண்டிருக்க, மாமா ஒரு கவரைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். மொய்க் கவர் என்று நினைத்து அவர் கூச்சத்தோடு பிரித்தார். உள்ளே ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கிய சான்றிதழ்.

"பழைய எடத்துலேர்ந்து எடுத்துட்டேன் மாப்ள" என்றார் மாமா. "இனி உங்க வூட்ல சேத்துக்கலாம். ஒரு எரரும் வராது."

கூடியிருந்த சனம் சிரித்த சிரிப்பில் என் அழுகையே நின்றுவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கேட்காமல் பெயரை எடுத்துவிட்டார் என்று மாமாவிடம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் நான் அம்மா வீட்டுக்குப் போனால், ரேஷன் சர்க்கரையில் எனக்கென்று பிரித்துவைத்த ஒரு பொட்டலம் இருக்கும். கார்டில் பெயர் இல்லாதவளுக்கு எந்தக் கணக்கில் என்று கேட்டால் இன்னொரு பிடி அள்ளிப் போடுவாள். நான் அதைப் பையில் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மாமா சொல்வார்:

"பாருங்க அத்த, எடுத்தும் போவல. இன்னும் இங்கதான் மறைஞ்சிகினு கீறா."